மதகும் கழுதையும்

“இந்தக் கதையில் வருகின்ற மதகு, மதகே அல்ல” என்று வின்சன்ட் சேர் ஒலிவாங்கியில் சொன்னபோது, முன்வரிசையில் இருந்த எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

மன்னார் நகரத்து மண்டபம் ஒன்றில் சிறுகதைப் போட்டிப் பரிசளிப்பு நடந்துகொண்டிருந்தது. முதற்பரிசு எனக்கு. பரிசைக் கொடுக்குமுன் கதையைப் பற்றி ஓர் ஆய்வுரை இருக்கட்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். அதற்காகவே யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தார் வின்சன்ட் சேர். நிறையப் படித்த மனிதர், வஞ்சகமில்லாதவர். என் கதையை வரிவரியாகக் கோடிழுத்து வைத்திருந்தார். “மண்போட்டு மூடப்பட்ட மதகு, பேசவிடாமல் அடைக்கப்பட்ட பெண்ணின் வாய். வீட்டுக்குள் தேங்கி நிற்கும் தண்ணீர், அவள் சொல்லாமல் விழுங்கிய சொற்கள். தாயின் காலில் ஆறாத புண் ஒன்று வருகிறதே, அது இந்த மண்ணின் காயம்.” சபை உச்சுக்கொட்டியது. பின்னால் ஒருவர் “அருமை” என்றார்.

அது இந்த மண்ணின் காயமல்ல, என் அம்மாவின் காயம். அம்மாவின் பெயர் பெற்றிசியா, சீனி வருத்தக்காரி, நீரிழிவில் புண் இலேசில் ஆறாது. தோட்டவெளியில் எங்கள் ஒழுங்கைக்கு முன்னால் புதுவீதி போட வந்த கொந்தராத்துக்காரர், வீதிக்குக் கீழால் மழைத்தண்ணீர் கடலுக்கு ஓடுகிற மதகை மண்போட்டு மூடி, மேலே தார் ஊற்றிவிட்டுப் போனார். போன மாரியில் தண்ணீருக்குப் போக வழியில்லை. எங்கள் வீட்டுக்குள் வந்து முழங்கால் அளவுக்கு நின்றது. மலக்குழித் தண்ணீரும் அதனோடு கலந்தது. அம்மா அதற்குள்தான் குசினிக்கும் கட்டிலுக்கும் நடந்து திரிந்தா. பாலன் பிறந்த நத்தார்ப் பூசைக்கு மணியடித்தபோது ஆஸ்பத்திரியில் கிடந்தா. இரண்டு கால்விரல்களை எடுத்துவிட்டார்கள். இன்னொருமுறை இந்தக் கால் ஊறினால் பாதத்தையே எடுக்கவேண்டி வரும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். இப்போது ஐப்பசி. பின்னேரங்களில் வானம் கறுக்கத் தொடங்கிவிட்டது.

குறியீடு என்றால் என்னவென்று தெரியாதவள் அல்ல நான். பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறேன். உவமை, உருவகம், குறியீடு என்று கரும்பலகையில் எழுதி எழுதியே கை காய்த்துப்போனது. ஒன்றைச் சொல்லி இன்னொன்றையும் உணர்த்துவது குறியீடு என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். சொன்னதைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு மற்றதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று எந்த இலக்கணத்தில் இருக்கிறது? வீதிப் பகுதிக் கந்தோருக்கு ஏறி இறங்கி அதிகாரிகளிடம் முறைப்பாடு கொடுத்தேன். ஒருவரும் வாசிக்கவில்லை. கதையாக எழுதினால் வாசிப்பார்கள் என்று நினைத்தேன். அது பலித்தது, இதோ வாசித்துவிட்டார்கள்.

பிரதம விருந்தினராக மேடையில் இருந்தவர் கனகரத்தினம் ஐயா. அந்த வீதி வேலைக்குப் பொறுப்பான பெரிய அதிகாரி அவர்தான். அழைப்பிதழில் அவருடைய பெயரைக் கண்டபோது, மாதாவே வழி திறந்துவிட்டா என்று சந்தோசப்பட்டேன். கதையை அவர் கேட்டே ஆகவேண்டுமல்லவா? கூட்டம் தொடங்கும்போது கதிரை நுனியில்தான் இருந்தார். மதகு மதகல்ல என்று வின்சன்ட் சேர் சொன்னதும் நன்றாகச் சாய்ந்து காலுக்குமேல் கால் போட்டுக்கொண்டார். ஏன் போடமாட்டார்? மூடிக் கிடப்பது பெண்ணின் வாய் என்றால் அதைத் தோண்டுவது அவருடைய திணைக்களத்து வேலையில்லையே.

“கதையில் குறியீடு எதுவுமில்லாத ஒரேயொரு இடமும் உண்டு” என்று வின்சன்ட் சேர் தொடர்ந்தார். “அந்தக் கழுதை. வெள்ளத்துக்குள் வந்து வாசலில் நிற்கிறது. உள்ளே படுத்திருக்கும் தாயைப் பார்க்கிறது. தலையை மேலும் கீழுமாக ஆட்டிவிட்டு வந்த வழியே போகிறது. மன்னார்த் தெருக்களில் நாம் தினமும் காணும் கழுதை. அசல் யதார்த்தம்!”

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாய் வந்தன. கதை முழுவதிலும் நான் கற்பனையாகச் செய்தது அந்தக் கழுதை ஒன்றைத்தான். எங்கள் வாசலுக்கு ஒருநாளும் கழுதை வந்ததில்லை.

அடுத்துக் கனகரத்தினம் ஐயா பேசினார். “எனக்கு இந்த இலக்கியமெல்லாம் பெரிசா விளங்காது. ஆனா அந்தக் கழுதை இருக்குதே, அப்பிடியே என்ர கண்ணுக்கு முன்னால வந்து நிண்டது.” மண்டபமே சிரித்தது.

ஏற்புரைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். “மதகு எண்டா மதகுதான்” என்றேன். “தோட்டவெளியில, எங்கட ஒழுங்கைக்கு முன்னால, தாருக்குக் கீழ கிடக்குது. மழைக்கு முன்னம் அதைத் திறந்து விடுங்கோ. இல்லாட்டி என்ர அம்மாவின்ர கால் போயிடும்.”

எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. கேட்டுவிட்டார்கள் என்றே நம்பினேன். வின்சன்ட் சேர் நெகிழ்ந்துபோய் எழுந்து, “பார்த்தீர்களா! ‘திறந்து விடுங்கோ’ என்கிறார். படைப்பாளியே தன் குறியீட்டை விரித்துக் காட்டுகிறார்!” என்றார். கைதட்டல் கூரையைத் தொட்டது. எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவர் கனகரத்தினம் ஐயா.

பிறகு கேடயத்தோடு என் முன்னால் வந்து நின்றார். ஸ்ரூடியோ வைத்திருக்கும் சியாம் கீழே நின்று கமெராவைச் சரிசெய்துகொண்டிருந்தார். கனகரத்தினம் ஐயா படத்துக்காகச் சிரித்தபடியே மெல்லக் கேட்டார்.

“மிஸ், அந்தக் கழுதை உண்மையா வந்ததோ?”

“வந்தது சேர். போன மார்கழி, கந்தோர் ஜீப்பில வந்தது. சப்பாத்து நனையுமெண்டு, தண்ணிக்கு மேல தெரிஞ்ச வாசல் கல்லிலயே நிண்டது. நான்தான் குடை பிடிச்சனான். அம்மா கட்டில்ல இருந்து கும்பிட்டு, ‘ஐயா, மதகைத் திறந்து விடுங்கோ’ எண்டு கேட்டவ. அதுக்குத் தலையை ஆட்டினது. போனது போனதுதான்.”

சிரிப்பு அவருடைய முகத்தில் அப்படியே நின்றது, கண்கள் மட்டும் என் முகத்தில் எதையோ தேடின. கேடயத்தின் ஒரு பக்கம் அவர் கையிலும் மறுபக்கம் என் கையிலும் இருந்தது. அவர் விடப் பார்த்தார். நான் இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

“இந்த முறை திறப்பியளோ சேர்?”

“சேர், தலையை ஆட்டாம நில்லுங்கோ” என்று கீழேயிருந்து சியாம் கத்தினார். “படம் கலங்குது.”