பங்களாவில் விட்டுவந்த புத்தகம்

பிடரி கடுத்தது. மூன்று நாளாக அரியலூர் ஸ்டேஷனில் கண்ட்ரோல் அரிசி மூட்டை இறக்கிய கழுத்து அது. இடப்பக்கம் திரும்ப மறுத்தது. யாராவது கூப்பிட்டால் வண்டியைத் திருப்புவதுபோல செல்லக்கண்ணு உடம்பு முழுவதையும் வளைத்துத் திரும்ப வேண்டியிருந்தது. அந்தக் கழுத்தோடுதான் பெரம்பலூர் பங்களா வாசலில் அடுத்த சுமைக்கு வந்து நின்றான். கழுத்து ஆறட்டும் என்று வீட்டில் உட்கார்ந்தால் அடுப்பும் கூடவே உட்கார்ந்துவிடும்.

சுண்ணாம்புப் பாறை எங்கெங்கே கிடக்கிறது என்று அரியலூர்ப் பக்கம் அளந்து திரிந்த துரை லீவு போட்டுவிட்டுப் பச்சமலைக்குப் புறப்படுகிறார். வேட்டைக்கு இல்லை. கண்ணில் படுகிற உயிரையெல்லாம் நின்று பார்த்து, புத்தகத்தில் அதன் படத்தைத் தேடி, பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும். அதில் அவருக்கு ஒரு கிறுக்கு. சுமைக்கு மூன்று பேர். செல்லக்கண்ணு, அவன் தங்கை பூங்காவனத்தின் புருஷன் மாயவன், கூட வேலை செய்யும் சாமிக்கண்ணு.

"சுட்டுத் திங்கவும் மாட்டாராம், புடிச்சு வளக்கவும் மாட்டாராம். பேரு தெரிஞ்சுக்க மலை ஏறுறாராம்" என்றான் சாமிக்கண்ணு. "நம்ம பேரை இன்னும் ஒருதரம் கேக்கல."

"ஒனக்கு வாலு மொளைக்கட்டும், கேப்பாரு" என்றான் மாயவன்.

இருவரும் கொல்லைப்பக்கம் கூடாரத்துணியைச் சுருட்டப் போனார்கள். வேலை பிடித்துக் கொடுத்தவன்தான் எஜமானின் பெட்டியைத் தூக்க வேண்டும் என்பது அவர்களுக்குள் இருந்த வழக்கம். அரிசி பருப்புச் சுமை நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும். பெட்டி போகும்போதும் அதே கனம், வரும்போதும் அதே கனம். இந்த வேலையைப் பிடித்தவன் செல்லக்கண்ணு.

துரை இரண்டு புத்தகங்களை வராந்தா மேஜைமேல் வைத்தார். ஒன்று மெல்லிசு. இன்னொன்று தோல் அட்டை போட்டு, அம்மிக் குழவி மாதிரி கனத்துக் கிடந்தது. அவருக்குத் தமிழ் வரும், புத்தகத்தில் படித்த தமிழ்.

"இதில் பறவைகள் மட்டும். அதில் மிருகம், பாம்பு, பல்லி எல்லாம் இருக்கிறது. ஒன்றைத்தான் எடுத்துப் போகலாம். நீ அந்த மலைக்குப் போனவன். நான் அங்கே எதைப் பார்ப்பேன்?"

செல்லக்கண்ணு ஒன்றை இந்தக் கையிலும் ஒன்றை அந்தக் கையிலும் வாங்கிப் பார்த்தான். மூங்கில் வெட்டப் போன ஒவ்வொரு தடவையும் அந்த மலையில் பாம்பு அடித்திருக்கிறான். கல்லைப் புரட்டினால் பாம்பு, கட்டையைப் புரட்டினால் பாம்பு. அதெல்லாம் நினைவுக்கு வராமல் இல்லை. தடிப்புத்தகம் தொங்கிய கையிலிருந்து வலி தோளேறிப் பிடரிக்குப் போனதும், வாய் தானாகத் திறந்துகொண்டது.

"பறவதாங்க தொரை. மிருகமெல்லாம் எப்பவோ ஒழிஞ்சுபோச்சுங்க. பாம்பு கண்ணுல தட்டுப்படவே தட்டுப்படாதுங்க."

துரை தலையாட்டிவிட்டு மெல்லிசைப் பெட்டியில் வைத்தார்.

மலை ஏறிய நாலாம் நாள் காலையில் அடுப்புக்குக் கல் எடுக்கப் போன மாயவன் ஐயோ என்று காலை உதறினான். கணுக்காலுக்குக் கீழே இரண்டு பொட்டு ரத்தம். சாமிக்கண்ணு கழியால் ஓங்கி அடித்து, செத்ததைத் தூக்கிக் காட்டினான். கறுத்த உடம்பில் வெள்ளைப் பட்டை.

"கட்டுவிரியன்" என்றான். சொல்லிவிட்டு மாயவன் முகத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தான்.

துரை அதைக் குச்சியால் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "இதே மாதிரி இன்னொரு பாம்பு உண்டு. அதற்கு விஷம் இல்லை. படத்தோடு ஒத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அந்தப் புத்தகம் இங்கே இல்லையே."

செல்லக்கண்ணுவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவன் எதையாவது பதிலுக்குச் சொல்லியிருப்பான். கூடாரக் கயிற்றை எடுத்து மாயவனின் முழங்காலுக்குக் கீழே சுற்றி, நடுவில் குச்சி செருகி முறுக்கினார். ஆஸ்பத்திரி போகும்வரை அவிழ்க்கக்கூடாது என்றார்.

செல்லக்கண்ணு மாயவனை முதுகில் தூக்கிக்கொண்டான். சாமிக்கண்ணு மாற்றிக்கொள்ளக் கேட்டும் கொடுக்கவில்லை. வழியெல்லாம் மாயவனின் மூச்சு காதில் சுட்டது.

"மச்சான், கயிறு அறுக்குது. செத்த தளத்தி வுடேன்."

"பேசாம வா மாப்ள. உசுரு வேணுமா, வேணாமா?"

"காலே மரத்துப்போச்சு மச்சான்."

ஒவ்வொரு தடவை கேட்டபோதும் இறக்கி உட்காரவைத்து, குச்சியை இன்னும் ஒரு சுற்று முறுக்கிவிட்டுத்தான் தூக்கினான். அடிவாரத்தில் வண்டி பிடித்து ஆஸ்பத்திரி வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. கயிற்றுக்குக் கீழே கால் கத்திரிக்காய் நிறத்தில் வீங்கிக் கிடந்தது. நாலு நாள் பார்த்துவிட்டு டாக்டர் முழங்காலோடு எடுத்தார்.

எடுத்த மறுநாள் துரை செல்லக்கண்ணுவைப் பங்களாவுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். மேஜைமேல் தடிப்புத்தகம் விரிந்திருந்தது. பக்கத்தில் கண்ணாடிப் புட்டிச் சாராயத்தில் அந்தப் பாம்பு ஊறிக்கொண்டிருந்தது. படத்தில் இருந்ததும் புட்டியில் இருந்ததும் ஒன்றேதான். பட்டைகூடத் தலைப்பக்கம் தொடங்கிய அதே இடத்தில்தான் தொடங்கியது.

"இதற்கு விஷம் இல்லை" என்றார் துரை. "கட்டே போட்டிருக்க வேண்டாம். அவன் கால் கயிற்றால் போனது. தவறு என்னுடையது. நான் இரண்டையும் எடுத்து வந்திருக்க வேண்டும்."

அப்போது ஒரு வார்த்தை சொல்ல இடமிருந்தது. இல்லைங்க தொரை, கழுத்துவலிக்குப் பயந்து நான் சொன்ன பொய்யிங்க என்று. துரை காத்திருந்த மாதிரிகூட இருந்தது.

"சரிங்க தொரை" என்றான் செல்லக்கண்ணு.

துரை மதராசுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். மாயவன் வீடு திரும்பினான். பூங்காவனம் ஆளனுப்பி அண்ணனை வரச் சொன்னாள். வாசலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்கண்ணன்தான். மலையிலேருந்து முதுவுல தூக்கியாந்தாரு. ஒரு எடத்துல கைமாத்தலையாம். கால் போனாப் போவுது, என் தாலி நின்னுச்சே" என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டே சட்டி நிறையக் கம்பங்கூழ் ஊற்றி, மூன்று கருவாட்டுத் துண்டைச் சுட்டு அண்ணன் முன்னால் வைத்தாள். மாயவன் பக்கம் ஒரு துண்டுதான் இருந்தது. செல்லக்கண்ணு அதைப் பார்த்தான். வேண்டாம் என்று தள்ளினால் ஏன் என்று கேட்பாள். ஒரு துண்டைக் கடித்தான்.

"மச்சான் இல்லன்னா எனக்குப் பால் தெளிச்சிருப்பாங்க" என்றான் மாயவன். பாயில் சுவரோடு சாய்ந்திருந்தான். "ஆமா, தொரை பாம்பைப் புத்தகத்துல வச்சுப் பாக்கணும்னாரே. பாத்தாரா? என்னா பாம்பாம் அது?"

பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பூங்காவனம் அகப்பையைச் சட்டிக்குமேல் பிடித்தபடி நின்றாள்.

"கட்டுவிரியன்தான் மாப்ள" என்றான் செல்லக்கண்ணு.

"நான் சொல்லல?" என்று மாயவன் பெண்களைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு பெருமைகூட வந்தது. கட்டுவிரியனிடம் தப்பித்தவன் ஊரில் எத்தனை பேர். பூங்காவனம் இன்னொரு அகப்பை ஊற்றினாள்.

கொஞ்ச நேரம் கழித்து மாயவன் முகத்தைச் சுளித்தான். "உள்ளங்கால் அரிக்குது மச்சான். இல்லாத காலு, அரிப்பு மட்டும் இருக்கு பாரு" என்று சிரித்தபடி குனிந்து, கால் இருந்திருக்க வேண்டிய இடத்தில் பாயைப் பரபரவென்று சொறிந்தான். கோரை பிய்ந்து நகத்தில் ஒட்டியது. செல்லக்கண்ணு கூழ்ச்சட்டியை வாய்க்குக் கொண்டுபோகவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. மாயவனுக்கு அவன் தர வேண்டிய பாக்கி ஒரு கால்.