ஒடிந்த சேஸ்

இழுவை வண்டி அந்தப் பிக்கப்பைக் கமன்ஜாப் ஊரில் இருந்த பட்டறை வாசலுக்கு இழுத்து வந்தபோது, அது யாருடைய வண்டி என்றே பட்டறையை நடத்தும் ஹெட்விக்குக்கு முதலில் பிடிபடவில்லை. நடு முதுகு ஒடிந்த மாடுபோல இருந்தது. மேலே ஏற்றியிருந்த, படுத்துத் தூங்கும் கேம்பர் கூண்டு பின்பக்கமாகச் சரிந்து தொங்கியது. ஹெர்மானஸ் இறங்கி நேராக அவளிடம் வந்தார். தெற்கே ரெகோபோத் ஊர்க்காரர், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம்.

"உன்ன நம்பித்தானே போனேன்? என் பொண்டாட்டி கை ஒடிஞ்சு ஆஸ்பத்திரில கெடக்கா."

வறண்ட ஆற்றுப் படுகையில் ஒரு மேடு ஏறி இறங்கும்போது வண்டியின் அடிச்சட்டமான சேஸ் மடிந்துவிட்டதாம். அவர் மனைவி சோஃபி கதவில் மோதியிருக்கிறார். உதவிக்கு ஆள் வர இரண்டு நாள் ஆகியிருக்கிறது. நீ போட்ட கமான் பட்டை அத்தனையும் குப்பை என்று அவர் கத்திய கத்தலில் எதிர்ப்புற பெட்ரோல் பங்க்கில் நின்றவர்களெல்லாம் வந்து கூடிவிட்டார்கள்.

ஹெட்விக்குக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. மூன்று மாதத்துக்கு முன் அவள் கையால் செய்த வேலை அது. கேம்பர் மட்டும் எழுநூறு கிலோ. அதற்குத் தாங்கும்படி கனமான கமான் பட்டைகள் போட்டு, ஷாக் அப்சர்பர் நான்கையும் மாற்றி, தண்ணீர்த் தொட்டியை முன்னால் கேபினை ஒட்டி நகர்த்தி வைத்திருந்தாள். பின் அச்சுக்குப் பின்னால் எதையும் ஏற்றக் கூடாது என்று இரண்டு தரம் சொல்லியும் அனுப்பியிருந்தாள். இப்போது பார்த்தால் பின்கதவில் இரண்டு உதிரிச் சக்கரங்களும் நாலு டீசல் கேன்களும் தொங்கின. அவளும் விடவில்லை. சொன்னதைக் கேட்காமல் கண்டதையும் கட்டிக்கொண்டு போய்விட்டு என் பட்டறை வாசலில் வந்து கத்துவீர்களா என்று அத்தனை பேர் முன்னாலும் கிழவரைப் பிடிபிடியென்று பிடித்தாள்.

அந்தச் சூட்டோடுதான் டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்தாள். கமான் பட்டைகள் அப்படியே இருந்தன. ஒன்றுகூட முறியவில்லை. ஆனால் சேஸுக்கும் அச்சுக்கும் நடுவே, இருபுறமும் ஒவ்வொன்றாக, வண்டியைத் தூக்கி நிறுத்தும் கறுப்புக் காற்றுப் பைகள். அவள் போட்டவையல்ல. பட்டை தன் இரண்டு முனைகளிலும் பகிர்ந்து தாங்க வேண்டிய பாரத்தை அந்தப் பை ஒரே இடத்தில் குத்தி நிறுத்தியிருந்தது. சேஸ் மடிந்திருந்ததும் மிகச் சரியாக அந்த இடத்தில்தான்.

வெளியே வந்து, இதை மாட்டியது எந்தப் பட்டறை என்று கேட்டாள்.

ஹெர்மானஸ் அவளை விசித்திரமாகப் பார்த்தார். "உன் தம்பிதான். நீ சாவுக்குப் போயிருந்தியே, அப்போ. வண்டி பின்னால தொங்குதேன்னு கொண்டாந்தேன். உனக்குத் தெரியாதா?"

கூட்டம் இன்னும் கலையவில்லை. தான் இரைந்தது எத்தனை பேர் காதில் விழுந்ததோ, அத்தனை பேர் காதிலும் இதுவும் விழ வேண்டும் என்று நினைத்தாள்.

"தப்பு எங்க மேலதான் மாமா. உங்களத் திட்டினது என் திமிரு. மன்னிச்சுக்குங்க."

அவர் சுவரோரம் போய்த் திரும்பி நின்றுகொண்டார்.

தம்பி அல்ஃபோன்ஸ் உள்ளே கம்ப்ரஸருக்குப் பின்னால்தான் இருந்தான். முப்பது வயது ஆள். அரை நாள் வேலைதானே என்று மாட்டியதாகவும், அவளிடம் சொல்ல நினைத்து மறந்துபோனதாகவும் ஏதேதோ சொன்னான்.

"ஏன் தொங்குதுன்னு பாத்தியாடா?"

"அக்கா, அவரு தூக்கிக் குடுன்னாரு..."

"பின்னால தொங்குற சக்கரத்த எறக்கி வெச்சா தன்னால தூக்கியிருக்கும். அதச் சொல்ல உனக்கு வாய் இல்ல. அந்தம்மா அந்தப் படுகைல செத்திருந்தா?"

அவன் தலை குனிந்து நின்றான். அது அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. எதிர்த்துப் பேசினாலாவது நாலு அறை விட்டிருக்கலாம்.

மடிந்த சேஸில் ஒட்டுப் போட்டால் அடுத்த மேட்டில் மறுபடி விட்டுவிடும். விண்டூக் நகரில் ஒரு பழைய வண்டியிலிருந்து நல்ல சேஸாக வாங்கி வந்து, எல்லாவற்றையும் பிரித்து மாட்டினார்கள். மூன்று வாரமும் அவனிடம் ஸ்பேனர் அளவைத் தவிர அவள் வேறெதுவும் பேசவில்லை.

வண்டியை எடுக்க வந்தபோது சோஃபி கையில் மாவுக்கட்டோடு வந்திருந்தார். நடந்ததை அல்ஃபோன்ஸே அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று ஹெட்விக் முன்பே சொல்லிவிட்டாள். அவன் திக்கித் திணறிச் சொன்னான். சோஃபி முழுவதையும் கேட்டார்.

"தொட்டி ஒடஞ்சு கெடந்த அந்த ரெண்டு நாளும் இவரு தனக்குத் தண்ணி வேண்டாம் வேண்டாம்னு எனக்கே குடுத்தாரு, தம்பி. உன்ன மன்னிக்கிற அளவுக்கு எனக்குப் பெரிய மனசு கெடையாது."

டீசல் கேன்களை அவர்களே பட்டறையில் விட்டுவிட்டார்கள். வடக்கே ஆற்றுப் பக்கம் போகவில்லை. ஊரைப் பார்த்துத் தெற்கே திரும்பினார்கள். வேலை பார்த்த காலமெல்லாம் ஆசைப்பட்டிருந்தது அந்த வடக்குப் பயணத்துக்குத்தான் என்று ஹெர்மானஸ் முதல்முறை வந்தபோது சொல்லியிருந்தார். தார் ரோட்டில் ஒழுங்காக, மட்டமாகப் போன அந்த வண்டியைப் பார்த்தபோது ஹெட்விக்குக்கு ஆத்திரம் குறையவில்லை, கூடத்தான் செய்தது.

உள்ளே அடுத்த பிக்கப் ஜாக்கியில் நின்றது. நான் ஆரம்பிக்கட்டுமா என்று அல்ஃபோன்ஸ் கேட்டான்.

"சக்கரத்தக் கழட்டு. அதுக்கு மேல எதயும் தொடாத."