எண்ணெய் வாளி மேல் உட்கார்ந்தவள்

கேளுங்கள் கண்மணிகளா, ஒரு வீட்டு லாயத்தில் குதிரையைப் பார்த்துக்கொண்டது அந்த வீட்டு மருமகள்தான். குதிரை போகும் திருவிழா ஊர்வலத்துக்கு முந்தின நாள் மாமனார் புதுக் கடிவாளம் வாங்கி வந்தார். தோல் வார்கள் விறகு மாதிரி விறைப்பாக இருந்தன.

"எண்ணெய் வாளியில முக்கி எடும்மா. நாளைக்குப் பளபளன்னு போகணும்."

"முக்குனா தோல் தொளதொளன்னு நீண்டுடும் மாமா. உள்பக்கமா கொஞ்சமா தேய்ச்சு, ஊறவிட்டு, மறுபடி தேய்க்கணும். நாளாகும்."

"அப்ப அப்படியே மாட்டு."

"காதுக்குப் பின்னால அறுத்துடும். வேணும்னா உங்க கழுத்துல கொஞ்ச நேரம் போட்டுப் பாருங்க."

வாசலில் நின்ற மாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமனார் முறைத்தபடி கடிவாளத்தோடு வாளியை நெருங்கினார். மருமகள் வாளியை மூடி, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இந்த வீட்ல யாரு பேச்சு செல்லும்?"

"கடிவாளம் உங்களுது மாமா. வலி குதிரைக்கு. நான் எந்திரிக்க மாட்டேன்."

அவர் கடிவாளத்தை அவள் மடியில் வீசிவிட்டுப் போனார். அவள் உட்கார்ந்தபடியே, கையிலிருந்த எண்ணெய்த் துணியால் உள்பக்கத்தைத் தேய்க்கத் தொடங்கினாள்.

மறுநாள் குதிரை ஒட்டுப்போட்ட பழைய கடிவாளத்தோடு ஊர்வலம் போனது. தெருவே அந்த ஒட்டைப் பார்த்துச் சிரித்தது. பக்கத்தில் மருமகள் குதிரையைவிட நிமிர்ந்து நடந்தாள்.