பூண்டு அரைத்த அத்தான்

1

ஒரு பத்திரிகையில் ‘படர்தாமரைக்குக் கை வைத்தியம்’ என்று கட்டுரை கேட்டார்கள். வேப்பிலை, மஞ்சள், குப்பைமேனி என்று எழுதிக்கொண்டே வந்தவள் ‘பூண்டு’ என்று எழுதியதும் நின்றுவிட்டேன். பூண்டு என்றால் எனக்கு அக்கா புருஷன் ஞாபகம்தான் வரும். கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது. இது அதற்குப் பதிலாக வந்த தலைவலி.

2

(முதல் தொடக்கம்: “மனித உடலின் மிகப் பெரிய உறுப்பு தோல்...” வேண்டாம். பாடப்புத்தகம்.)

(இரண்டாவது: “அவன் அவளிடமிருந்து விலகிக்கொண்டிருந்தான், மெல்ல மெல்ல, ஒரு” ஒரு என்ன? உவமை வரவில்லை. விடுங்கள்.)

நேராகவே சொல்கிறேன். அத்தான் பேருந்து ஓட்டுநர். பகலெல்லாம் இன்ஜின் சூட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து தொடை இடுக்கில் படர்தாமரை வந்துவிட்டது. வட்ட வட்டமாக, சிவந்து, ஓரம் தடித்து. யாரிடமும் மூச்சு விடவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்தில் படுக்க ஆரம்பித்தார். தன் துணியைத் தானே துவைத்தார். குளியலறைக்குள் போனால் வெளியே வருவதே இல்லை.

அக்கா என்னை ஃபோனில் கூப்பிட்டாள்.

“சாப்பிட்ட தட்டை நகர்த்தி வைக்காத மனுஷன்டி. இப்ப துணி துவைக்கிறார். எவளோ இருக்கா.”

“கேட்டுப் பாரேன்.”

“என்னன்னு கேக்கறது? ஏன் துவைக்கிறீங்கன்னா?”

3

இந்த இடத்தில் அத்தான் பாத்திரத்தின் மேலேயே எனக்கு நம்பிக்கை போகிறது. அத்தனை நெரிசலில் அத்தனை பேரைப் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பவர், ஒரு டாக்டரிடம் காட்டக் கூச்சப்படுவாரா? பட்டாரே. நான் என்ன செய்ய?

கைப்பேசியில் வந்த வைத்தியத்தையெல்லாம் செய்து பார்த்தார். வேப்பிலைத் தண்ணீரில் கழுவினார். கொஞ்சம் இதமாக இருந்தது. மஞ்சள் பூசினார், துணிதான் மஞ்சளானது. கடைசியில் பச்சைப் பூண்டை அரைத்து அப்பிக்கொண்டு வேலைக்குப் போனார்.

பாதி வழியில் தோல் வெந்து கொப்புளம் கிளம்பிவிட்டது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி நின்றார்.

“என்னண்ணே?” என்றார் நடத்துநர்.

“உக்கார முடியலப்பா.”

“அதுக்காக நின்னுக்கிட்டா ஓட்டுவீங்க?”

பயணிகள் மொத்தப் பேரும் ஜன்னல் வழியாக அவரையே பார்த்தார்களாம்.

நடத்துநர் அவரைப் பணிமனையில் கொண்டு விட்டுச் சொல்லி அனுப்ப, சண்டைக்குத் தயாராக இருந்த அக்கா அங்கே ஓடினாள். விஷயம் தெரிந்ததும் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

“இதுக்கா என்னை இவ்வளவு நாள் அழ வச்சீங்க?”

4

தோல் டாக்டர் பூண்டுக் கதையைக் கேட்டு அதிர்ச்சியடையவில்லை. தினமும் கேட்பவர் போலிருக்கிறது. முதலில் புண் ஆற மருந்து, பிறகு பூசக் களிம்பு என்று எழுதிக் கொடுத்தார்.

“வீட்ல வேற யாருக்காவது இருக்கா? ஒருத்தரை விட்டாலும் திரும்ப ஒட்டிக்கும்.”

“இல்ல டாக்டர்” என்றாள் அக்கா.

(அக்காவுக்கும் இருந்தது. இடுப்பில், பாவாடை நாடா இறுகும் இடத்தில். அவர் கூடத்துக்குப் போனதற்காக அழுதாள். இனி இதைப் பார்க்க மாட்டார் என்று நிம்மதியும் அடைந்தாள். இதை என்னிடம் மட்டும் சொன்னாள். நீங்களும் வெளியே விடாதீர்கள்.)

5

முடிவு ஒன்று: அக்கா உண்மையைச் சொல்கிறாள், இருவரும் சிரிக்கிறார்கள். பத்திரிகைக்குப் பிடிக்கும். நடக்கவில்லை.

முடிவு இரண்டு: அக்கா யாருக்கும் தெரியாமல் டாக்டரிடம் போய்க் குணமாகிறாள். தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தேன். “அவரை அவ்வளவு பேசிட்டு, இப்ப எனக்கும் இருக்குன்னு எந்த மூஞ்சியோட போறது?” என்கிறாள்.

நடந்தது இதுதான்: அத்தானுக்கு ஆறியது, பாயைச் சுருட்டி வைத்துவிட்டு அறைக்குத் திரும்பினார், மறுபடியும் சொறிய ஆரம்பித்துவிட்டார்.

இந்த வரியை எழுதும்போதே அவரிடமிருந்து ஃபோன்.

“எழுத்தாளரம்மா, அந்த டாக்டர் மருந்து சரியில்ல. நீ ஏதோ கை வைத்தியம் எழுதறியாமே. இஞ்சி அரைச்சுப் போடலாமா?”

பின்னால் அக்காவின் குரல். “அவளை ஏன் தொந்தரவு பண்றீங்க? ஃபோனை வைங்க.”

அவர் வைக்கவில்லை. காத்திருக்கிறார். சொன்னால் அக்கா ஜென்மத்துக்கும் என்னோடு பேச மாட்டாள். சொல்லாவிட்டால் இவர் இஞ்சியை எடுத்துவிடுவார். வாசகரே, இவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்து கேட்டீர்கள் அல்லவா? இந்தாருங்கள், ஃபோனைப் பிடியுங்கள்.