அறுபதாவது ஆள்

எங்கள் கிளினிக்குக்கு நட்சத்திரம் போடுகிறவன் இந்த வாசலை ஒருநாளும் மிதித்ததில்லை. எங்கோ உட்கார்ந்து வகுத்தல் கணக்குப் போடுகிறான். ரத்த அழுத்தக்காரர்கள் மொத்தம் எத்தனை பேர், அதில் எத்தனை பேருக்கு நூற்று நாற்பதுக்குக் கீழே? அதுவும் வருடத்தில் கடைசியாக எடுத்த அளவுதான் செல்லும். பதினொரு மாதம் ஒழுங்காக இருந்த மனிதர், டிசம்பரில் பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு நேரே இங்கே வந்தால், போச்சு. எங்களிடம் இருப்பது நூறு பேர். அறுபது பேர் தேறினால் மூன்று நட்சத்திரம், ஒருவர் குறைந்தாலும் இரண்டு.

போன வருடம் இரண்டு. இந்த வருடமும் இரண்டு என்றால் காப்பீட்டுக் கம்பெனி எங்களைப் பட்டியலிலிருந்து தூக்கிவிடும். நூறு பேரும் வேறு டாக்டரைத் தேடி அலைய வேண்டும். எதிர்வரிசைக் கிளினிக்காரன் மாத்திரை சாப்பிடாதவர்களை "இடமில்ல" என்று துரத்துவான். எங்கள் டாக்டரம்மா "வாங்க, உக்காருங்க" என்பார். அவனுக்கு ஐந்து நட்சத்திரமாம். வயிறு எரியாதா?

வரவேற்பு மேஜையில் பதினாறு வருடமாகக் குப்பை கொட்டுகிற நான் மூளையைக் கசக்கினேன். நல்ல அளவு வந்தவர்களை ஜனவரி வரை உள்ளே விடக் கூடாது, அவ்வளவுதான். டாக்டரம்மாவுக்குச் சொல்லவில்லை. யாராவது வந்தால் "புது வருஷம் பொறந்ததும் வாங்களேன்" என்று தேன் ஒழுகப் பேசி அனுப்பிவிடுவேன். டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி கம்ப்யூட்டர் திரையில் சரியாக அறுபது.

அன்றைக்குப் பார்த்து என் அண்ணன் வந்து நின்றான். வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். மாத்திரையைத் தவிர எல்லாவற்றையும் சாப்பிடுவான். நவம்பரில் எப்படியோ நூற்று முப்பத்தெட்டு காட்டி அறுபதில் ஒருவனாகியிருந்தான்.

"தலை வெடிக்குது. டாக்டரம்மாவ ஒரு தடவ பாக்கச் சொல்லேன்."

"இன்னும் பத்து நாள் வெடிக்காம பாத்துக்கோ. ஜனவரில வா."

"கண்ணும் ஒரு மாதிரி மங்குது."

"ராத்திரி பகலா வெல்டிங் வெச்சா மங்காம என்ன பண்ணும்? போய்த் தூங்குண்ணே."

"சரி" என்று போய்விட்டான். அதுதான் உறுத்தியது. நான் பிறந்த நாளிலிருந்து என்னோடு வாதாடாமல் அவன் எதையும் விட்டதில்லை.

பேனாவை ஐந்து நிமிடம் மூடி மூடித் திறந்தேன். பிறகு செருப்புகூடப் போடாமல் ஓடினேன். பேருந்து நிறுத்தத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தான், காலடியில் வாந்தி.

"ஐயோ, எந்திரிண்ணே! எந்திரி!"

கைத்தாங்கலாகக் கிளினிக்குக்குக் கூட்டி வந்தேன். டாக்டரம்மா அவன் கையில் பட்டை கட்டி அளந்தார். இருநூற்றுப் பத்து. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எப்ப வந்தாரு இவரு?"

எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கத்தவில்லை. "அளவ எழுது" என்றார். எழுதினேன். திரையில் ஐம்பத்தொன்பது.

மூளையில் ரத்தக் கசிவாம். பிழைத்துக்கொண்டான். ஜனவரி மூன்றாம் தேதி முடிவு வந்தது: இரண்டு நட்சத்திரம். மனசு ஆறாமல் நட்சத்திர ஆபீசுக்கே போன் போட்டேன். எடுத்தவர் பரம சாது.

"ஒரே ஒரு ஆள்ல போச்சு மேடம். அந்த ஆள் டிசம்பருக்குள்ள இறந்திருந்தா மொத்தத்துலேருந்தே எடுத்திருப்போம். தொண்ணூத்தொம்பதுக்கு அம்பத்தொம்பது. நூத்துக்குன்னு பாத்தா அம்பத்தொம்பதரைக்கு மேல வரும், அத நாங்க அறுபதுன்னுதான் எடுத்துப்போம். மூணு நட்சத்திரம் கெடச்சிருக்கும்."

"அந்த ஆள் எங்க அண்ணன்யா!"

"அடடா, தவறிட்டாரா? எந்தத் தேதில?" என்றார் ஆவலாக.

"உசிரோட இருக்கான்யா!"

"அப்ப ஒண்ணும் பண்ண முடியாது மேடம்" என்றார், நிஜமான வருத்தத்தோடு.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அண்ணனிடம் இதைச் சொன்னேன். கட்டில் குலுங்கச் சிரித்தான். "பாரு, உனக்கு ஒரு உபகாரம் பண்ற வாய்ப்பு போச்சே" என்று என் தலையில் குட்ட வந்தான். வலது கை எழவில்லை. இடது கையால் குட்டினான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஆபீஸ்காரரைத் திட்டவும் எனக்கு யோக்கியதை ஏது? பத்து நாள் கழித்து வா என்று அண்ணனை அனுப்பியது அவரில்லை, நான்.