பதின்மூன்று கிண்ணங்கள்

என் மனுசன் கனிசியசுக்கு உதைபந்தாட்ட உலகக் கிண்ணப் பைத்தியம். மயிலிட்டியில் கிழிந்த வலை பொத்தும்போதும் வாயில் அதே கதைதான். முப்பதாம் ஆண்டிலிருந்து எண்பத்தாறு வரை பதின்மூன்று முறை கிண்ணம் எடுத்த நாடுகளை எங்கள் நாலு வயது மகள் மக்டலீனுக்கு வரிசையாகப் பாடமாக்கிவிட்டார். சாப்பிட இருந்தால் பிள்ளை முதலில் அதைத்தான் சொல்லும். அருள்நிறை மரியே செபம் பாதிகூடத் தெரியாது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உருகுவேயா வந்து உனக்குச் சோறு போடப்போகுது என்று கத்துவேன்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில், இத்தாலியில் பந்தடி தொடங்கி ஒரு கிழமையில், எங்கள் ஊரில் ஷெல் விழுந்தது. ஊரே ஓடியது. சனம் நெருக்கிக்கொண்டிருந்த ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் மக்டலீனை நான்தான் தூக்கி ஏற்றினேன். வள்ளத்தடியில் நின்ற மனுசனைக் கூப்பிட ஓடினேன். திரும்பி வந்தால் பெட்டியும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஏன் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடவில்லை என்று இன்றைக்கும் என்னையே திட்டுகிறேன்.

பருத்தித்துறைப் பக்கம் ஒரு மாதா கோயிலில் அகதியாக இருந்துகொண்டு ஒன்பது நாள் தேடினோம். அவளிடம் பேர் கேட்டால் குஞ்சு என்பாள். அப்பா பேர் அப்பா, அம்மா பேர் அம்மா. ஊர்ப்பேரைச் சொல்லிக்கொடுக்காமல் உருகுவேயைச் சொல்லிக்கொடுத்த மனுசனை வாயில் வந்தபடி ஏசினேன்.

பத்தாம் நாள் காலை, நெற்றி நிறையத் திருநீற்றோடு ஒருவர் சைக்கிளில் வந்தார். பேர் நமசிவாயம், உடுப்பிட்டியில் தோட்டம் செய்கிறவர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு விசயத்தைச் சொன்னார். தங்கள் வீட்டு வாசல் படலையடியில் ஒரு பெண்பிள்ளை அழுதுகொண்டு நின்றதாம், கழுத்தில் மாதா சுரூபமாம். சாப்பிட முதல் நாடு நாடாகச் சொல்லி ஏதோ வேண்டுகிறதாம். பாப்பரசர் இருக்கிற இத்தாலி அதில் மூன்று தரம் வருகிறதாம், ஆகவே வேதக்காரரின் செபமாகத்தான் இருக்கவேண்டுமாம். எந்தக் கோயில் செபம் என்று தெரிந்தால் தாய் தகப்பனைப் பிடிக்கலாம் என்று வந்திருக்கிறார். இது அவருக்கு மூன்றாவது கோயில்.

மடித்த கடதாசியை எடுத்து, பக்தியோடு வாசித்தார். "உருகுவே, இத்தாலி, இத்தாலி, உருகுவே..."

சில பெடியள் சிரித்தார்கள். என் மனுசன் சனத்தை இடித்துக்கொண்டு முன்னுக்குப் போனார். வேறு பந்தடிப் பைத்தியம் பெற்ற பிள்ளையாகவும் இருக்கலாமே என்று அவருக்குப் பயம்.

"ரண்டு பிரேசிலுக்குப் பிறகு என்னண்டு சொல்லுறாள், அண்ணை?"

நமசிவாயம் கடதாசியில் விரல் வைத்துத் தேடினார். "வெள்ளைக்காரன்."

இங்கிலாந்தின் பேரைச் சொல்ல மனம் வராமல், என் மனுசன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த சொல் அது. உலகத்தில் வேறு எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. அவர் அப்படியே நிலத்தில் குந்தியிருந்து அழுதார். ஏசின வாயால் நானும் அழுதேன்.

சைக்கிள் இரவல் வாங்கிக்கொண்டு நமசிவாயத்தின் பின்னால் போனோம். மக்டலீன் குசினியில் சோற்றுக்கு முன்னால் இருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். நமசிவாயத்தின் மனைவி பாலேஸ்வரியக்கா பக்கத்தில் கைகூப்பிக்கொண்டிருந்தார். ஒன்பது நாளும் பிள்ளை சொல்லி முடிக்கும்வரை அந்த வீட்டில் ஒருவரும் சோற்றில் கை வைக்கவில்லையாம். என்னைக் கண்டதும் பிள்ளை பாய்ந்து வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டது.

நமசிவாயம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "தங்கச்சி, நாங்கள் ஒருநாளும் குறுக்கை கதைக்கேல்லை. உது உங்கடை செபம்தானே?"

மனுசன் என்னைப் பார்த்தார். நான் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஓம் அண்ணை, எங்கடை செபம்தான்."