பதினொன்றாம் தொட்டி

ஒயின் பீப்பாயின் அடைப்பானைத் திறந்ததுமே எனக்குக் கண் எரிந்தது. காடி நெடி. பதினான்காம் எண் பீப்பாய் கெட்டுப்போயிருந்தது. சிப்ரியன் குனிந்து, மூக்கைத் துளைக்கு நேராக வைத்து ஆழமாக இழுத்தார்.

"நல்லா இருக்கு மைதே. இதை வச்சே மத்த பீப்பாயெல்லாம் நிரப்பிடலாம்."

பிரான்சின் மதிரானில் எங்கள் திராட்சைத் தோட்டத்தின் நிலவறைக்கு இருபத்திரண்டு வருடமாக அவர்தான் பொறுப்பு. நான் சோதனைக்கூடத்தில் இருக்கிறேன். எந்தக் கோளாறையும் என் கருவிகள் காட்டுவதற்கு முந்தின நாளே அவர் மூக்கு சொல்லிவிடும். அப்படிப்பட்டவர் காடியை முகர்ந்துவிட்டு நல்லா இருக்கு என்கிறார்.

"இதைத் தொடாதீங்க" என்று அடைப்பானை மூடினேன். "எப்போலருந்து இப்படி?"

அவர் மழுப்பவில்லை. பக்கத்துப் பீப்பாயில் சாய்ந்து நின்றார்.

"பிப்ரவரில காய்ச்சல் வந்துச்சே, அப்போலருந்து. காபி வெந்நீர் மாதிரி இருக்கு. வீட்ல என் பொண்டாட்டி ஜோசியானுக்குக்கூடத் தெரியாது. எதைச் சமைச்சாலும் ரெண்டாவது தடவை வாங்கிச் சாப்பிடுறேன். இத்தனை வருஷத்துல இப்பத்தான் உங்களுக்கு என் சமையல் பிடிச்சிருக்குன்னு அவளுக்கு ஒரே சந்தோஷம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அடுத்த வாரம் அறுவடை.

"மேடம்கிட்ட நீங்க சொல்லணும். இல்லன்னா நான் சொல்லுவேன்" என்றேன்.

மேடம் என்றால் ஓதில். தன் சித்தப்பாவிடமிருந்து தோட்டம் கைக்கு வந்த மூன்றே வருடத்தில் எல்லாவற்றையும் மாற்றியிருந்தார். பழைய சிமென்ட் தொட்டிகள் போய் எஃகுத் தொட்டிகள் வந்தன. வெப்பநிலை கைப்பேசியில் தெரியும். இருபது வருடம் வைத்துக் குடிக்கிற ஒயின் இங்கிருந்து வரவேண்டும் என்பது அவர் பிடிவாதம். எங்கள் தன்னா வகைத் திராட்சைக்கு அதற்கான துவர்ப்பு உண்டு. சரியாகக் கையாளாவிட்டால் அதுவே வாயைக் கிழித்துவிடும்.

சிப்ரியன் சொல்வதற்குத் தேர்ந்தெடுத்த இடம்தான் தப்பு. அறுவடை தொடங்கிய அன்று, பழம் பிரிக்கும் புது இயந்திரத்தின் பக்கத்தில் ஓதில் நின்றுகொண்டிருந்தார். அது கேமராவால் பார்த்து, கெட்ட மணிகளைக் காற்றடித்துத் தள்ளும். இரைச்சல் தாங்காது.

"என்ன சொல்றீங்க? கேக்கல" என்று ஓதில் இயந்திரத்தை நிறுத்தச் சைகை காட்டினார். அது நின்ற நேரம் பார்த்து சிப்ரியன் கத்திக்கொண்டிருந்தார்.

"எனக்கு மோப்பம் சுத்தமாப் போச்சு மேடம்."

பழம் பறிப்பவர்கள் இருபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஓதில் அவரை வெளியே அழைத்துப்போனார். "மூக்கு போனது உங்க தப்பில்ல. ஏழு மாசம் என்னை ஏமாத்தினது தப்பு. நிலவறைக்குள்ள வராதீங்க. டிராக்டர் ஓட்டுங்க" என்றார். அன்று மாலையிலிருந்து சிப்ரியன் திராட்சைக் கூடைகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். என் கண்ணைப் பார்க்கவில்லை. நான் செய்தது சரிதான் என்று தெரிந்தும் அவர் இருக்கும் பக்கம் போவதைத் தவிர்த்தேன்.

மேட்டுத் தோட்டத்துப் பழம்தான் எங்களிடம் இருப்பதில் சிறந்தது. அது பத்தாம் தொட்டியிலும் பதினொன்றிலும் தோலோடு நொதித்துக்கொண்டிருந்தது. பதினாறாம் நாள், வெளியிலிருந்து வந்த ஆலோசகர் இன்றே தோலை நீக்கி வடித்துவிடுங்கள், மணம் உச்சத்தில் இருக்கிறது என்றார். மணம் அருமையாகத்தான் இருந்தது. ஆனால் வாயில் வைத்தால் என்னவோ பாதியில் நின்றது. அதைச் சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

"சிப்ரியனைக் கூப்பிடுங்க மேடம்" என்றேன்.

"மோந்து பாக்க முடியாதவரைக் கூப்பிட்டு என்ன பண்றது?"

"நாக்கு இருக்குல்ல."

ஓதில் ஐந்து தொட்டிகளிலிருந்து ஐந்து கிளாஸ் ஊற்றினார். எது எதுவென்று சொல்லவில்லை. சிப்ரியன் டிராக்டர் சேறு ஒட்டிய காலணியோடு வாசலிலேயே நின்று ஒவ்வொன்றையும் வாயில் உருட்டித் துப்பினார்.

"முதல் ரெண்டும் கீழ்த்தோட்டம். துவர்ப்பு நாக்கு நுனியிலயே நின்னுடுது. மூணாவது ஆறாம் தொட்டி. இதுல விதை கடிபட்ட கசப்பு இருக்கு. பம்பை யாரோ வேகமா ஓட விட்டிருக்கீங்க."

நான்தான் விட்டிருந்தேன். நான் அதைச் சொன்னேன்.

"கடைசி ரெண்டும் மேட்டுத் தோட்டம். ஈறு முழுக்கப் பிடிக்குது, ஆனா கீறல. இது இன்னும் முடியல. எட்டு நாள் தோலோட கிடக்கட்டும்."

"ஆலோசகர் இன்னிக்கே வடிக்கணும்ங்கிறார்."

"அவர் அடுத்த வருஷம் குடிக்கிற ஒயினைச் சொல்றார் மேடம். நீங்க கேட்டது அது இல்லையே."

ஓதில் என் பக்கம் திரும்பினார். "மணத்துல ஏதாவது கோளாறு?"

"இப்ப இல்ல. ஆனா தினம் ரெண்டு வேளை நான் மோந்து பாக்கணும்."

ஓதில் பத்தாம் தொட்டியைத் தட்டினார். "பத்தை வடிச்சிடுங்க. பதினொன்னு இருக்கட்டும். இவருக்கு நீ மூக்கு, உனக்கு இவர் நாக்கு. சண்டை போட்டீங்கன்னா ரெண்டு பேரையும் டிராக்டர்ல ஏத்திடுவேன்."

அதிலிருந்து ஆறாம் நாள் காலை பதினொன்றாம் தொட்டியில் அழுகிய முட்டை நெடி அடித்தது. சிப்ரியனிடம் ஓடினேன். எல்லாம் என் பேச்சால்தான் கெட்டது என்று நினைத்தேன்.

"எவ்வளவு? லேசாவா, குமட்டுற மாதிரியா?" என்றார் சிப்ரியன்.

"லேசா."

"காத்துப் படலன்னா அப்படித்தான். கீழ இருந்து எடுத்து, தொறந்த வாளில கொட்டி, மேல ஊத்து. பதறாத."

இருவருமாக இரண்டு மணி நேரம் ஊற்றினோம். மறுநாள் நெடி போயிருந்தது. எட்டாம் நாள் அவர் ருசித்தார், தலையாட்டினார், வடித்தோம்.

இரண்டு வருடம் பீப்பாயில் இருந்தபின் பத்து, பதினொன்று இரண்டையும் தனித்தனியே புட்டியில் அடைத்தோம். அந்த வாரம் ஓதில் ஒவ்வொன்றிலும் ஒரு புட்டியைத் திறந்து, அலுவலகச் சமையலறை மேசையில் நான்கு நாள் அப்படியே வைத்தார். காற்றுப்பட்டுத் தாங்கினால்தான் வருடங்களைத் தாங்கும்.

முதல் நாள் பத்தாம் தொட்டிதான் எல்லோருக்கும் பிடித்தது. பதினொன்று வாயை இறுக்கிக்கொண்டு கிடந்தது. மூன்றாம் நாள் பத்து சப்பென்று ஆனது. நான்காம் நாள் பதினொன்றை ஊற்றியபோது அறையே மணத்தது. வயலட் பூ, புகையிலை, ஈரமண். துவர்ப்பு பட்டுபோல் படிந்திருந்தது.

சிப்ரியனுக்கு மோப்பம் கால்வாசி திரும்பியிருந்தது, அதுவும் கோணலாக. ரோஜா அவருக்கு டயர் எரிகிற மாதிரி அடிக்கும். கிளாஸை முகர்ந்து, "ஏதோ இருக்கு. நல்லதுன்னுதான் நினைக்கிறேன். நீ சொல்லு" என்று என்னிடம் நீட்டினார்.

நான் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

ஓதில் லேபிளின் பின்பக்கத்துக்கான தாளை எடுத்து, எத்தனை வருடம் வைக்கலாம் என்று போடுவது எனக் கேட்டார்.

"இருபத்தஞ்சு" என்றார் சிப்ரியன்.

"முப்பது" என்றேன் நான்.

"அப்ப எனக்கு எம்பத்தஞ்சு ஆயிடுமே மைதே."

"வாங்க. சேர்ந்து தொறப்போம்."

ஓதில் முப்பது என்று எழுதினார். அதன் கீழே நிலவறைப் பொறுப்பு என்ற இடத்தில் எங்கள் இரண்டு பேர் பெயரையும் எழுதினார்.